ஒரு மொழிக்கு ஒரு டாங்கி

கல்தென்ன தோட்டத்து மேல்பிரிவுக்கு ஒரு லிஸ்ட் வந்தால் அதன் பின்னால் ஒரு சாமான் வரும். நாற்பது வருஷமாக அங்கே இதுதான் வழக்கம், யாரும் சந்தேகப்படுவதில்லை. ஒழுகுகிற கூரைகளை எழுதிக்கொண்டு போனார்கள், தகரம் வந்தது. கர்ப்பிணிகளை எழுதிக்கொண்டு போனார்கள், சத்துமா வந்தது. போன வருஷம் வீட்டுக்கு எத்தனை பேர் என்று எழுதிக்கொண்டு போனார்கள். ஆறு பேருக்கு மேல் எழுதின வீடுகளுக்கெல்லாம் பெரிய கறுப்புத் தண்ணீர் டாங்கி லொறியில் வந்து இறங்கியது. நாலு பேர் என்று உள்ளதை உள்ளபடி எழுதின மரியாயி மட்டும் இன்னும் வாளியோடு தண்ணீர்ப் பீலிக்கு நடந்துகொண்டிருந்தாள். அந்த வயிற்றெரிச்சல் அவளுக்கு ஆறவே இல்லை.

ஆகவே ஜூலியட் டீச்சர் செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். வலயக் கல்விக் காரியாலயத்தில் இருந்து வந்த மொழிப் படிவத்தை, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் வைத்துக் கொடுக்கச் சொன்னாள்.

வேறு எங்கே கொடுப்பாள், பாவம்? பள்ளிக்கூடம் திறக்கிற நேரத்தில் தாய் தகப்பன் எல்லாரும் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டு நிற்பார்கள். மேல்பிரிவுப் பள்ளிக்கூடத்தில் முப்பத்தேழு பிள்ளைகள், இரண்டு டீச்சர்கள். ஒரு டீச்சர் பிள்ளைப்பேற்று லீவில் போய்விட்டாள். மிச்சமிருந்த ஜூலியட்தான் ஒன்று முதல் ஐந்து வரைக்கும் டீச்சர், பதில் அதிபர், கிளார்க், மணி அடிக்கிற ஆள், கழிவறைச் சாவிக்குப் பொறுப்பு.

படிவத்தோடு வந்த சுற்றறிக்கையை அவள் மூன்று தடவை படித்திருந்தாள். பிள்ளைகள் ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளோடு வளர வேண்டும், அதை ஊக்குவிக்கப் புதிய கொள்கை வருகிறது, வலயத்தில் ஒரு சின்னப் பாடசாலையை முன்னோடியாக எடுத்துத் தமிழிலும் சிங்களத்திலும் சேர்த்துப் படிப்பிக்கப் போகிறோம் என்று அழகாகத்தான் எழுதியிருந்தார்கள். வீட்டில் பல மொழி பேசுகிற பிள்ளைகள் எங்கே அதிகமோ அந்தப் பாடசாலைக்கு முதலிடம். கடைசிப் பக்கத்தில்தான் குத்து இருந்தது: தெரிவாகாத, ஐம்பது பிள்ளைக்குக் குறைந்த பாடசாலைகள் பக்கத்திலுள்ள பெரிய பாடசாலையோடு இணைக்கப்படும்.

பக்கத்திலுள்ள பெரிய பாடசாலை என்பது ஐந்து கிலோமீட்டர் கீழே. ரப்பர் காட்டுக்குள்ளால் இறங்க வேண்டும். மழைக்காலத்தில் பெரிய ஆட்களே காலில் சவர்க்காரம் தடவிக்கொண்டுதான் அந்தப் பாதையில் கால் வைப்பார்கள், அவ்வளவு அட்டை. ஒன்றாம் வகுப்பு நுஸ்காவும் மற்றக் குஞ்சு குருமான்களும் அந்த வழியில் நடக்கிறதை நினைத்த அன்று ஜூலியட்டுக்குச் சோறு இறங்கவில்லை.

பெரட்டில் படிவத்தைக் கொடுக்கிற பொறுப்பை அந்தனி கங்காணி ஏற்றார். அந்தனி கங்காணிக்கு வாசிக்கத் தெரியும். ஆனால் கடைசி வரைக்கும் வாசிக்கிற பொறுமை கிடையாது. முதல் வரியைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

“இந்தா, லிஸ்ட் வந்திருக்கு. வீட்டுல எத்தனை பாஷை பேசுறீங்கன்னு கேக்குறாங்க. போன தடவ ஆள் கணக்கு, இந்தத் தடவ பாஷைக் கணக்கு. யோசிச்சு எழுதுங்க.”

அவ்வளவுதான் சொன்னார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை, சத்தியமாக. ஆனால் பத்து மணித் தேத்தண்ணிக்கு மலையில் உட்கார்ந்தபோது விஷயம் முடிவாகியிருந்தது: ஒரு மொழிக்கு ஒரு டாங்கி.

வெள்ளிக்கிழமை காலை இருபத்து மூன்று படிவங்களும் ஜூலியட்டின் மேசைக்கு வந்தன. படித்தவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். மூன்றுக்குக் குறைந்த வீடே இல்லை. கடைக்கார மஷூர் நானா ஐந்து எழுதியிருந்தார்: தமிழ், சிங்களம், இங்கிலீஷ், அரபு, ஐந்தாவதாக ‘மாணிக்கக் கல் வியாபாரத்தில் வாயைத் திறக்காமல் பேசுகிற பாஷை.’ ரொபர்ட்டின் பெண்சாதி தன் புருஷன் பெயருக்கு நேரே ‘இங்கிலீஷ் (சனிக்கிழமை மட்டும்)’ என்று எழுதியிருந்தாள். மரியாயி வீட்டில் ஆறு மொழி. தமிழ், சிங்களம், இங்கிலீஷ், மாமியார் வழியில் தெலுங்கு, சர்ச்சில் பாடுகிற லத்தீன், ஆறாவதாக மலையாளம்.

ஜூலியட் படிவத்தைத் தூக்கிக்கொண்டு நேரே மரியாயியின் லயத்து வீட்டுக்குப் போனாள். அன்று மரியாயிக்குக் காய்ச்சல் லீவு. காய்ச்சல்காரி வாசலில் நின்று விறகு பிளந்துகொண்டிருந்தாள்.

“அக்கா, மலையாளம் எங்க இருந்து வந்துச்சு?”

“எங்க வீட்டுக்காரரு மூனு வருஷம் மலையாளி மொதலாளிகிட்ட தோகாவுல வேல செஞ்சாருல்ல. ஏச்சு அத்தனையும் மலையாளத்துலதான் வாங்குனாரு. இப்பவும் கோவம் வந்தா அதுலதான் ஏசுறாரு. வேணும்னா கூப்புடவா?”

“வேணாம், வேணாம். இது பள்ளிக்கூடத்துக்குக் கேக்குறது அக்கா. டாங்கிக்கு இல்ல.”

மரியாயி கோடரியைக் கீழே வைத்து அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “போன தடவையும் இப்புடித்தான் சொன்னாங்க. சும்மா ஒரு கணக்கெடுப்புன்னு. நான் நம்புனேன். இப்ப வாளி தூக்குறேன். நீங்க போங்க டீச்சர், என்னைய ஏமாத்த முடியாது.”

பதினொன்றரை பஸ்ஸில் படிவங்கள் போயாக வேண்டும்; அதுதான் கடைசி நாள். திருப்பி எழுத வைக்க நேரமில்லை. அதுதான் காரணமா என்று கேட்டால், முழுக்க இல்லை. பாதையில் நின்று ஜூலியட் மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள். வீட்டுக்குச் சராசரி நாலு மொழிக்கு மேலே வந்தது. வலயத்தில் எந்தப் பாடசாலையாலும் இதைத் தொட முடியாது. ரப்பர் காட்டுப் பாதை கண்ணுக்குள் வந்து நின்றது. படிவங்களைக் கவரில் போட்டாள், எச்சில் தொட்டு ஒட்டினாள், கண்டக்டரின் கையில் கொடுத்தாள். ஐயோ மாதாவே, என்னை மன்னித்துக்கொள் என்று பாதையோரத்துச் சொரூபத்தைப் பார்த்துச் சிலுவை போட்டாள்.

அந்தக் கவருக்குள் இருபத்து நாலாவதாக அவளுடைய வீட்டுப் படிவமும் இருந்தது. பதினெட்டாம் இலக்க வீடு. அதை அவள்தான் முதல் ஆளாக நிரப்பியிருந்தாள். பேசும் மொழிகள்: தமிழ். எண்ணிக்கை: ஒன்று. தோட்டம் முழுக்கப் புளுகினாலும் தான் மட்டும் நேர்மையாக எழுதியதாக ஒரு நினைப்பு அவளுக்கு.

நேர்மையாவது கத்தரிக்காயாவது! அவளைப் பெற்ற தாய் குசுமாவதி கீழ்க் கிராமத்துச் சிங்களப் பெண். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்த ஜெறோமைக் கட்டிக்கொண்டு லயத்துக்கு வந்தவள். ஜெறோம் செத்து ஒன்பது வருஷமாகிறது. அந்த அம்மாள் செபமாலை சொல்வது தமிழில், பேரம் பேசுவது தமிழில். கோழியை விரட்டுவதும் மகளைக் கொஞ்சுவதும் சிங்களத்தில். “பலயன், பலயன்!” என்று அவள் கோழிக்குப் பின்னால் ஓடுகிற சத்தம் பள்ளிக்கூடம் வரைக்கும் கேட்கும். லயத்தில் இதைத் தெரியாத ஆள் கிடையாது.

பிறகு ஏன் ஒன்று? பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஜூலியட்டுக்கு நியமனம் கிடைத்தபோது எந்தப் புண்ணியவானோ கையெழுத்தில்லாத பெட்டிசம் ஒன்று போட்டான். ‘தாய் சிங்களத்தி, வீட்டில் பேசுவது சிங்களம், தமிழ்ப் பாடசாலைக்கு இவள் ஆகாது.’ விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். இருபத்து நாலு வயசுப் பிள்ளை நடுங்கிப் போய், “எங்க வீட்டுல தமிழ் மட்டுந்தான் சேர்” என்று சொல்லிவிட்டது. வேலை தப்பியது. அன்றிலிருந்து வீட்டுக்கு வெளியே ஒரு சிங்களச் சொல் அவள் வாயில் வந்ததில்லை. வகுப்பில் எந்தப் பிள்ளையாவது சிங்களம் கலந்தால், “தமிழ்ல சொல்லு பார்ப்போம்” என்பாள். பள்ளிக்கூடப் பக்கம் வர வேண்டாம் என்று தாயிடமும் ஒருநாள் சொன்னாள். ஏன் என்று குசுமாவதி கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஜூலியட்டுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. மேல்பிரிவுப் பாடசாலை முதலிடம். ஆனால் எண்ணிக்கை ‘வழமைக்கு மாறாக’ இருப்பதால் மொழிப் பிரிவு அதிகாரி சுரேந்திரன் நேரில் வந்து உறுதிசெய்வார்.

அந்தனி கங்காணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “நான் சொல்லல? டாங்கி வைக்க எடம் பார்க்க வாறாங்க.”

வந்த சுரேந்திரன் சேர் நல்ல மனுஷர்தான். வெள்ளைச் சட்டை, கண்ணாடி, கையில் தடித்த ஃபைல். பேச ஆரம்பித்தால் செய்தி வாசிப்பது மாதிரி இருக்கும். தோட்டத் துரையிடம் கேட்டுப் பகல் வரைக்கும் ஆட்களை வேலையிலிருந்து விட்டிருந்தார்கள். வகுப்பறை பெஞ்சுகளில் பிள்ளைகளைப் போலக் கால் மடக்கி உட்கார்ந்திருந்தார்கள் எல்லாரும். அதிகாரிக்குப் பால் போடாத பிளேன்டி ஊற்ற நல்ல கை வேண்டும் என்று மரியாயி போய்க் குசுமாவதியைக் கூட்டி வந்து பின்பக்கத்து அடுப்படியில் விட்டிருந்தாள். இது ஜூலியட்டுக்குத் தெரியாது.

“ஒவ்வொருவரும் ஒவ்வொரு மொழியிலும் நான்கு வசனம் பேச வேண்டும்” என்றார் சுரேந்திரன். “ஒரு மொழி பேசும்போது இன்னொன்றைக் கலக்கக் கூடாது. சுத்தமாகப் பேசினால்தான் சரி போடுவேன்.”

முதலில் ரொபர்ட்.

“இதென்ன, சனிக்கிழமை மட்டும்?”

ரொபர்ட் தரையைப் பார்த்தான். “குடிக்காம, நெதானத்துல வராதுங்க சேர்.”

“நான் புதன்கிழமை வந்துவிட்டேன்” என்று சொல்லி, சிரிக்காமல், பிழை என்று ஒரு புள்ளடி போட்டார்.

மஷூர் நானாவிடம் அரபு பேசுவீர்களா என்று கேட்டார்.

“பேச வராது சேர். ஓதுவன். அல்லாஹ்வோட பேச அது போதும்.”

அதிகாரியின் பேனா கொஞ்சம் தயங்கியது. புள்ளடியா சரியா என்று தெரியாமல் ஒரு கேள்விக்குறி போட்டார்.

மரியாயியின் முறை வந்தது. முதலில் தமிழ். காலையில் என்ன செய்தீர்கள், சொல்லுங்கள்.

“காலைல எந்திரிச்சு பிளேன்டி ஊத்துனேங்க. பெரட்டுக்குப் போனேன். இந்தா உக்காந்திருக்காரே கங்காணி, ‘இக்மனட, இக்மனட’ன்னு வெரட்டுனாரு. ஹாஜர் போட்டுட்டு, நம்பர் சிக்ஸ் மலைக்கு –”

“நிறுத்துங்கள். இக்மனட என்பது தமிழா?”

“கங்காணி தமிழ் ஆளுதாங்க.”

சிரிப்பு எழுந்தது. சுரேந்திரன் சிரிக்கவில்லை. “இது எந்த மொழியும் இல்லையம்மா. எல்லாம் அரைகுறை” என்று சொல்லிப் புள்ளடி போட்டார். அடுத்தது புள்ளடி. அதற்கடுத்ததும் புள்ளடி. ஜூலியட் சுவரோடு சாய்ந்து நின்று அந்தப் பேனாவையே பார்த்தாள். ஒவ்வொரு புள்ளடிக்கும் ஒரு பிள்ளை ரப்பர் காட்டுக்குள் இறங்கிப் போவதாகப் பட்டது அவளுக்கு. அரைகுறை என்ற சொல் வேறு சுட்டது. அதே சொல்லை இதே அறையில் அவளும் பிள்ளைகளைப் பார்த்து எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள்!

அந்த நேரம் பார்த்து அதிகாரியின் ஃபோன் அடித்தது. மேல்பிரிவில் சிக்னல் கிடைப்பது பெரிய அதிசயம், விடுவாரா? எடுத்தார்.

“ஹலோ… ஆ, சொல்லுங்க. இல்ல, இன்னும் ஃபீல்ட்லதான் நிக்கிறன். ஹரி ஹரி, மம என்னம். லஞ்சுக்கு முந்தி வந்துருவன். ரிப்போர்ட்ட ரெடி பண்ணி வைங்க, மிஸ்ட கியன்ன. ஓகேடா, பொட்டக் இன்ன.”

ஃபோனைப் பைக்குள் வைத்துவிட்டு நிமிர்ந்தார். மரியாயி இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள். கன்னத்தில் கை வேறு.

“சேர், தப்பா நெனைக்கக் கூடாது. இப்ப நீங்க பேசுனது எந்த பாஷைங்க?”

சுரேந்திரன் தன் ஃபோனைத் தானே ஒருதரம் பார்த்தார். பிறகு அந்த மனுஷருக்குச் சிரிப்பு வந்தது பாருங்கள், தோள் குலுங்க, கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாகப் போயிற்று. கூட்டமே சேர்ந்து சிரித்தது.

“எனக்கும் ஒரு புள்ளடி போட வேண்டியதுதான்” என்று சொல்லி, மரியாயியின் தாளில் புள்ளடியை வெட்டிச் சரி போட்டார். ரொபர்ட்டுக்கும் வெட்டினார். மஷூர் நானாவின் கேள்விக்குறியும் சரியாக மாறியது. ஜூலியட்டுக்கு உயிர் திரும்பி வந்தது.

காரியம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் அந்தனி கங்காணி சும்மா இருந்தால்தானே? எழுந்து, தலைத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, மிகப் பணிவாகக் கேட்டார்:

“ரொம்ப சந்தோஷங்க சேர். அப்ப டாங்கி எல்லாம் எப்ப வரும்?”

“என்ன டாங்கி?”

எல்லாரும் கங்காணியை முறைத்தார்கள். முறைத்ததிலேயே விஷயம் அவருக்குப் பாதி விளங்கிவிட்டது. மிச்சத்தை அந்தனியே சொல்லித் தொலைத்தார்.

சுரேந்திரன் திரும்பினார். “டீச்சர், இது உங்களுக்குத் தெரியுமா?”

பொய் சொல்லியிருக்கலாம். “தெரியும் சேர்” என்றாள் ஜூலியட்.

சிரிப்பெல்லாம் போய்விட்டது அவர் முகத்தில். ஃபைலை மூடினார். “டாங்கிக்காக எழுதின பொய்யை வைத்து நான் ஒரு பாடசாலையைச் சிபாரிசு செய்ய முடியாது. மன்னித்துக்கொள்ளுங்கள்.”

“கொஞ்சம் இருங்க சேர்.” மரியாயிதான். “டாங்கிக்காகத்தான் எழுதுனோம். இல்லேங்கல. அதுக்காகப் பொய்யின்னு ஆயிருமா? இத்தன வருஷமா எத்தன ஃபாரம் வந்துச்சு, எல்லாத்துலயும் பாஷைக்கு ஒரே கட்டந்தான். ஒன்னே ஒன்ன எழுதுன்னாங்க, எழுதுனோம். அப்ப ஒருத்தரும் ஃபைல தூக்கிக்கிட்டு மல ஏறி வந்து இது நெசமான்னு கேக்கல. பொய்யின்னா அதுதாங்க பொய்.”

மஷூர் நானா பெஞ்சில் ஒரு தட்டுத் தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். அதிகாரி எழுந்தவர் அப்படியே நின்றார். ஃபைலைத் திரும்பத் திறந்து தாள்களைப் புரட்டினார்.

“ஒன்று என்று எழுதிய வீடும் இதில் இருக்கிறதே. இருபத்து நாலில் ஒரேயொரு வீடு. தமிழ் மட்டும். பதினெட்டாம் இலக்கம்.” தலையைத் தூக்கினார். “யார் வீடு?”

இப்போது நடந்ததைத்தான் ஜூலியட் சாகும் வரைக்கும் மறக்க மாட்டாள். வாயை யாராலும் அடைக்க முடியாத மரியாயி கூரையைப் பார்த்தாள். மஷூர் நானா தாடியைச் சொறிந்தார். அந்தனி கங்காணி, அந்த அவசரக்கார மனுஷர்கூட, சுவரில் மாட்டியிருந்த இலங்கைப் படத்தை ஆராய ஆரம்பித்தார். ஒருத்தரும் காட்டிக் கொடுக்கவில்லை.

பின் கதவு திறந்தது. தட்டில் பிளேன்டியோடு குசுமாவதி உள்ளே வந்தாள்.

“பதினெட்டா? நம்ம வீடுதானே அது” என்றாள் தமிழில், ஆசையாக. “எங்க வீட்டப் பத்தியும் எழுதியிருக்காங்களா? என்னா எழுதியிருக்கு?”

“தமிழ் மட்டும் என்று எழுதியிருக்கிறது” என்றார் அதிகாரி.

குசுமாவதி தட்டை மேசையில் வைத்தாள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. மகளைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை. சின்னப் பிள்ளை ஒன்று தன் பேர் கூப்பிடப்படும் என்று காத்திருந்து ஏமாந்த மாதிரிப் பார்த்தாள்.

“மகே பாஷாவ லிவ்வே நெத்த, துவே?” என்றாள். என் பாஷையை நீ எழுதவில்லையா மகளே என்று, மெதுவாக.

ஜூலியட்டை வெட்கம் பிடுங்கித் தின்றது. பன்னிரண்டு வருஷமாகப் பூட்டி வைத்த சொல் அந்த வகுப்பறையில், அந்த மேசைக்கு முன்னால், தானாக வந்தது. “சமாவென்ன அம்மே.” மன்னித்துக்கொள் அம்மா என்று.

பிறகு அதிகாரியின் பக்கம் திரும்பினாள். “சேர், டாங்கிக்காக எழுதுன யாரும் பொய் எழுதல. பொய் எழுதுனது நான் ஒருத்திதான். பேனாவக் குடுங்க.”

‘ஒன்று’ என்பதை வெட்டி ‘இரண்டு’ என்று போட்டாள். தமிழுக்குப் பக்கத்தில் சிங்களம் என்று எழுதினாள்.

“திருத்தத்துக்கு வீட்டின் மூத்தவர் கையெழுத்து வேண்டும்” என்றார் சுரேந்திரன். குரலில் பழைய விறைப்பு இல்லை.

குசுமாவதி பேனாவை வாங்கினாள். வழக்கமாக அவள் சிங்களத்தில்தான் ஒப்பம் வைப்பாள். அன்றைக்குக் குனிந்து, மகள் படித்த காலத்துக் கொப்பிகளைப் பார்த்துப் பார்த்துத் தானாகப் பழகிய எழுத்தில், தமிழில், கு, சு, மா என்று ஒவ்வொன்றாகக் கோர்த்துத் தன் பெயரை எழுதினாள். தாய்க்குத் தமிழ் எழுத வரும் என்பதே ஜூலியட்டுக்குத் தெரியாது. யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

சுரேந்திரன் உட்கார்ந்து, பிளேன்டியை முழுக்கக் குடித்துவிட்டு, இருபத்து நாலு படிவத்திலும் ‘உறுதிசெய்யப்பட்டது’ என்று கையெழுத்துப் போட்டார். போகிறபோது, “டாங்கி என்னுடைய திணைக்களம் இல்லை” என்று அந்தனி கங்காணியிடம் இரண்டு தடவை சொன்னார். அந்தனி இரண்டு தடவையும் தலையாட்டினார், நம்பவில்லை.

மேல்பிரிவுப் பள்ளிக்கூடம் இன்றைக்கும் மேல்பிரிவில்தான் இருக்கிறது. இரண்டாவது மொழிக்கு ஒரு டீச்சர் வந்திருக்கிறாள். கீழ்க் கிராமத்தில் இருந்து நாலு பிள்ளைகள் மேலே ஏறி வருகிறார்கள். வகுப்பில் யாராவது கலந்து பேசினால் ஜூலியட் இப்போது, “சரி, அதையே மத்ததுலயும் சொல்லு” என்கிறாள். குசுமாவதியின் கோழிகள் பள்ளிக்கூட முற்றத்துக்கே வந்துவிட்டன. அவைகளுக்குப் பின்னால் அவளும்.

டாங்கி மட்டும் வரவில்லை. வராது என்பதை மேல்பிரிவு ஒத்துக்கொள்ளவும் இல்லை. ஏன் வரவில்லை என்பதற்குப் பீலிக்கரையில் காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள்: ஜூலியட் டீச்சர் முதலில் ஒன்று என்று எழுதினாளே, அதனால்தான் மொத்தக் கணக்கும் குறைந்துபோய்விட்டதாம். வாளியோடு போகும்போது மரியாயி ஒவ்வொரு நாளும் இதைச் சொல்லிக் காட்டுகிறாள். பக்கத்து வாளியோடு குசுமாவதி நின்றுகொண்டு, ஆமாம் ஆமாம், என் மகளால்தான் என்று அதைவிடச் சத்தமாகச் சொல்கிறாள், இரண்டு பாஷையிலும்.